ஆயிரம் கன்றுகள்... ஆனால் ஒரே தாய்! - அரிய தீவுத் தாவரங்களைக் காப்பாற்றுவதில் என்ன சிக்கல்?

அழிந்தேபோனதாக நினைத்த ஒரு செடி, எங்கோ ஒரு தீவின் மலைச்சரிவில் ஒற்றையாக நிற்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். சுற்றி வேலி போடுகிறார்கள். கிளையை வெட்டி நர்சரியில் வளர்க்கிறார்கள். சில வருடங்களில் ஒன்று ஆயிரமாகிவிடுகிறது. 'அழிவிலிருந்து மீட்கப்பட்ட அதிசயச் செடி' என்று நம் மொபைலுக்கும் செய்தி வருகிறது. ஒரு ஹார்ட்டினைத் தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

ஆனால், அந்த ஆயிரமும் உண்மையிலேயே ஆயிரம்தானா?

வீட்டுக் கொல்லையில் முருங்கைப் போத்து நட்டவர்களுக்கு இந்தக் கேள்வி சட்டென்று புரியும். பக்கத்து வீட்டு மரத்திலிருந்து ஒரு கிளையை வெட்டி வந்து நட்டால், அது புது மரம் இல்லை. பக்கத்து வீட்டு மரமேதான், நம் வீட்டிலும் ஒரு காலை ஊன்றி நிற்கிறது. வாழையும் அப்படித்தான். 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோம். தாய் வாழையின் பக்கக்கன்று, மரபணுக் கணக்கில் தாயின் அச்சு அசல் நகல்.

நகலில் என்ன பிரச்னை? தாய்க்கு ஒரு நோய் வந்தால் எல்லா நகலுக்கும் வரும். வாழையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகச் சந்தையை ஆண்ட 'குரோ மிஷெல்' என்ற வாழை ரகத்தை, மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாகச் சாய்த்தது. 1960-களில் அந்த இடத்தை 'கேவண்டிஷ்' ரகம் பிடித்தது. இப்போது அதே பூஞ்சையின் இன்னொரு வகை கேவண்டிஷையும் மிரட்டுகிறது. கோடிக்கணக்கான வாழைகள் இருந்தும், ஒன்றால் தாங்க முடியாததை எதுவுமே தாங்கவில்லை.

வாழைக்கு வேறு ரகங்கள் இருக்கின்றன, தப்பித்துக்கொண்டோம். ஓர் இனத்தில் எஞ்சியதே ஒரு செடிதான் என்றால்? உலகின் சில தீவுகளில் தாவரவியலாளர்கள் பல வருடங்களாக மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான்.

ஆடாதோடை இல்லாத ஊர்கள்

முதலில், தீவுச் செடிகள் ஏன் இவ்வளவு எளிதாக ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடுகின்றன?

கண்டத்திலிருந்து ஒரு விதை நடுக்கடல் தீவுக்கு வந்து சேர்வதே பெரிய அதிர்ஷ்டம். காற்றில் பறந்தோ, பறவையின் வயிற்றிலோ இறகிலோ ஒட்டிக்கொண்டோ, அலையில் மிதந்தோ வர வேண்டும். ஹவாய் தீவுகளுக்கும் பக்கத்துக் கண்டத்துக்கும் இடையே சுமார் 3,800 கிலோமீட்டர் கடல். அங்கே வந்து சேர்ந்த சில விதைகள், லட்சக்கணக்கான வருடங்களில் புதுப்புது இனங்களாகப் பிரிந்தன. ஹவாயில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்களில் சுமார் 90 சதவிகிதம் உலகில் வேறு எங்கும் கிடையாது. ஆக, இந்த இனங்கள் தொடங்கும்போதே கையில் இருந்த மரபணு முதலீடு குறைவு.

இரண்டாவது காரணம், எதிரி இல்லாத வாழ்க்கை. நம் ஊரில் ஆடாதோடை என்று ஒரு செடி இருக்கிறது. ஆடு தொடாத செடி என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். கசப்பு, முள், அரிப்பு என்று நம் செடிகள் ஒவ்வொன்றும் ஆடு, மாடுகளிடமிருந்து தப்ப ஏதாவது ஓர் ஆயுதம் வைத்திருக்கின்றன. ஆடே இல்லாத தீவில் வளர்ந்த பல செடிகளுக்கு அந்த ஆயுதம் தேவைப்படவில்லை. முள்ளும் இல்லை, கசப்பும் இல்லை.

பிறகு கப்பல்கள் வந்தன. தென் அட்லான்டிக் கடலில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கு 1502-ல் போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள். நெப்போலியனைச் சிறைவைத்த அதே தீவு. அந்த வழியாகப் போகும் கப்பல்களுக்கு இறைச்சி வேண்டும் என்று ஆடுகளை இறக்கிவிட்டார்கள். ஆடுகள் பெருகின. முளைக்கும் கன்று ஒவ்வொன்றையும் மேய்ந்தன. வயதான மரங்கள் மட்டும் நின்றன. அவையும் விறகுக்கும் தோல் பதனிடவும் போயின. கடைசியில், ஆட்டின் கால் எட்டாத பாறை விளிம்புகளில் மட்டும் சில செடிகள் தொற்றிக்கொண்டிருந்தன.

உலகின் பல தீவுகளில் இதே கதைதான். ஆட்டுக்குப் பதில் சில இடங்களில் செம்மறி, சில இடங்களில் பன்றி, எலி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பள்ளிக்கூடப் பாடத்தில் சிக்கிய 'காட்டுக் காபி'

ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும் மொரீஷியஸ் நாட்டை நமக்குத் தெரியும். அந்த நாட்டின் ஒரு பகுதிதான் ரோட்ரிக்ஸ். மொரீஷியஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் சுமார் 108 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் குட்டித் தீவு.

அங்கே 'கஃபே மரோன்' என்று ஒரு சிறு மரம் இருந்தது. காட்டுக் காபி என்று சொல்லலாம். காபிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நட்சத்திரம் போல வெள்ளைப் பூ பூக்கும். 19-ம் நூற்றாண்டில் தாவரவியலாளர்கள் பதிவு செய்து, படமும் வரைந்து வைத்தார்கள். பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே எழுதிவிட்டார்கள்.

1979-ல் ரோட்ரிக்ஸில் ஒரு பள்ளி ஆசிரியர், தீவின் அரிய செடிகளின் படங்களை மாணவர்களிடம் காட்டி, இவற்றில் எதையாவது பார்த்திருக்கிறீர்களா என்று தேடச் சொன்னார். ஒரு மாணவன் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தான். கஃபே மரோனேதான். வாடி வதங்கிய நிலையில் ஒரே ஒரு மரம் எஞ்சியிருந்தது.

விஷயம் பரவியதும் புதுத் தலைவலி. இந்த மரம் மருந்து என்று ஊரில் பழைய நம்பிக்கை. ஹேங்ஓவருக்குக் கேட்கும், பால்வினை நோய்க்குக் கேட்கும் என்று ஆட்கள் வந்து இலையையும் கிளையையும் ஒடித்தார்கள். வேலி போட்டார்கள், வேலியைத் தாண்டினார்கள். வேலிக்கு வெளியே இன்னொரு வேலி போட்டார்கள்.

1986-ல் அதன் போத்துகளை விமானத்தில் லண்டனுக்கு அருகில் இருக்கும் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்று வேர் பிடித்தது. அதிலிருந்து மேலும் போத்துகள் எடுத்து வளர்த்தார்கள். நன்றாகப் பூத்தது. ஆனால் வருடக்கணக்கில் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. ஒரே மரத்தின் நகல்கள் எத்தனை இருந்தால் என்ன, எல்லாமே ஒரே ஆள்தானே?

2003-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த கார்லோஸ் மக்தலேனா என்ற ஸ்பெயின் நாட்டுத் தோட்டக் கலைஞர் விடாமல் முயன்றார். மகரந்தம் வந்து விழும் சூலகமுடி அதைத் தடுக்கிறதோ என்று, அந்த முனையை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் நேரடியாக மகரந்தத்தை வைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களில் திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில் ஒரு காய் பிடித்தது. விதைகள் முளைத்தன. அடுத்தடுத்து கிடைத்த விதைகள் தாய்த்தீவான ரோட்ரிக்ஸுக்கே திரும்பின.

அந்தக் கன்றுகள் இன்னொரு ரகசியத்தையும் வெளியே கொண்டுவந்தன. கஃபே மரோனின் இளம் இலைகள் நீளமாக, ஒல்லியாக, பழுப்பு நிறத்தில் காய்ந்த சருகு போல இருக்கும். மரம் உயர்ந்த பிறகுதான் அகலமான பச்சை இலை வரும். ஒரு காலத்தில் ரோட்ரிக்ஸில் திரிந்த ராட்சத ஆமைகளின் கண்ணில் படாமல் தப்பிக்கும் தந்திரம் என்று கருதுகிறார்கள். ஆமைகள் 200 வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டன. செடி இன்னும் அவற்றுக்குப் பயந்துகொண்டிருக்கிறது. ஆமைக்கு எதிராக ஆயுதம் வைத்திருந்த செடிக்கு, ஆட்டுக்கு எதிராக ஒன்றும் இல்லாமல் போனது.

விதையில் வந்த கன்று போத்தைவிட மேல். போத்து என்பது நகல். விதையில் தாயின் மரபணுக்கள் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடப்படுகின்றன. ஆனால் கட்டில் இல்லாத சீட்டு எத்தனை முறை கலைத்தாலும் கைக்கு வராது. ரோட்ரிக்ஸில் ஒரு காலத்தில் நின்ற மற்ற கஃபே மரோன் மரங்களிடம் இருந்த சீட்டுகள், அந்த மரங்களோடு போய்விட்டன.

பங்காளி வீட்டில் பெண் எடுக்காத மரம்

கஃபே மரோனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் எல்லாச் செடிக்கும் கிடைக்கவில்லை.

செயின்ட் ஹெலினா ஆலிவ் என்று ஒரு மரம். பெயரில்தான் ஆலிவ், உண்மையில் நம் ஊர் இலந்தையின் குடும்பம். அந்தப் பேரினத்தில் உலகிலேயே இது ஒன்றுதான் இனம். இதுவும் அழிந்ததாக நினைத்திருந்தபோது, 1977-ல் ஜார்ஜ் பெஞ்சமின் என்ற உள்ளூர் இயற்கை ஆர்வலர் ஒற்றை மரத்தைக் கண்டுபிடித்தார்.

இந்த மரத்துக்கு ஒரு குணம். நம் ஊரில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளி வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். பல தாவரங்களிலும் அப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மகரந்தத் துகளின் மீது ஓர் அடையாளம் இருக்கும். 'இது நம் வீட்டு மகரந்தம்' என்று தெரிந்தால் பூ அதை உள்ளே விடாது. நெருங்கிய உறவுக்குள் சந்ததி வந்துவிடாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. காட்டில் நூறு மரம் இருக்கும்போது இது நல்ல ஏற்பாடு. ஒரே மரம் மிச்சம் இருக்கும்போது இதுவே எமன்.

ஆலிவ் மரத்தில் பூக்கள் வந்தன. முளைக்கும் விதை அபூர்வமாகத்தான் கிடைத்தது. போத்தும் லேசில் வேர் பிடிக்கவில்லை. 1994-ல் காட்டில் இருந்த மரம் செத்தது. அதற்குள் எப்படியோ தேற்றியிருந்த சில கன்றுகளும் பூஞ்சை நோயில் ஒன்றொன்றாகப் போயின. 2003-ன் இறுதியில் கடைசிச் செடியும் செத்தது. இன்று உலகில் எங்கும் அந்த மரம் இல்லை.

1977-ல் ஒற்றை மரமாகக் கண்டுபிடித்தபோதே அதன் கதை பெரும்பாலும் முடிந்திருந்தது. அதன் பிறகு 26 வருடங்கள் மனிதர்கள் போராடினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது உறவில்லாத இன்னொரு மரத்தின் மகரந்தம். அது பல வருடங்களுக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது.

ஒரு தாயா, இரண்டு தாயா?

அதே தீவில் எபனி, ரெட்வுட் என்று இரண்டு மரங்கள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து நம் கருங்காலியையும் கலிஃபோர்னியாவின் வானுயர்ந்த மரத்தையும் நினைக்க வேண்டாம். இரண்டுமே செம்பருத்திக் குடும்பம். தோல் பதனிடுவதற்காக இவற்றின் பட்டையை உரித்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கு எபனி விறகானது. மிச்சத்தை ஆடுகள் பார்த்துக்கொண்டன.

ரெட்வுட் மரத்தின் கதையைக் கேளுங்கள். இன்று நட்டு வளர்க்கப்படும் ரெட்வுட் மரங்கள் எல்லாமே எஞ்சியிருந்த ஒரே ஒரு மரத்தின் வழிவந்தவை. இதற்கு ஆலிவ் மாதிரி பங்காளிக் கட்டுப்பாடு இல்லை. தன் மகரந்தத்திலேயே விதை வைக்கும். அதனால் கன்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கன்றுகள் நோஞ்சானாக வளர்கின்றன. பல சீக்கிரமே செத்துவிடுகின்றன.

காரணம் நமக்குப் புதிதில்லை. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அதேதான். ஒவ்வோர் உயிரிடமும் சில பழுதான மரபணுக்கள் ஒளிந்திருக்கும். ஜோடியில் இன்னொன்று சரியாக இருப்பதால் பழுது வெளியே தெரியாது. தாயும் தந்தையும் ஒரே மரமாக இருந்தால், பழுதும் பழுதும் ஜோடி சேர வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் இப்படியே நடந்தால் மரம் நலிந்துகொண்டே போகும். இதை 'உட்கலப்பு நலிவு' என்கிறார்கள்.

எபனிக்குக் கொஞ்சம் பரவாயில்லை. 100 வருடங்களுக்கு மேலாகக் காணாமல் போயிருந்தது. 1980-ல் தாவரவியலாளர் குவென்டின் கிராங்கும் அதே ஜார்ஜ் பெஞ்சமினும் கடலோரச் செங்குத்துப் பாறையில் அதைப் பார்த்தார்கள். ஜார்ஜின் சகோதரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய்க் கிளைகளை எடுத்துவந்தார். பாறையில் இருந்தது இரண்டே செடி. அந்த இரண்டின் வாரிசுகளாக இன்று ஆயிரக்கணக்கான எபனிச் செடிகள் தீவில் நடப்பட்டிருக்கின்றன. பெரிய வெள்ளைப் பூக்களோடு தோட்டங்களில் நிற்கின்றன. காட்டிலிருந்த மரபணு வளத்தோடு ஒப்பிட்டால் இரண்டு தாய் என்பதும் மிகச் சிறிய கைப்பிடிதான்.

இந்த இடத்தில் ஒரு ட்விஸ்ட். எபனியும் ரெட்வுட்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒன்றோடொன்று கலந்து கலப்பினம் உருவாகிறது. ஜார்ஜ் பெஞ்சமினின் நினைவாக அதற்கு 'பெஞ்சமினி' என்று அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். நோஞ்சான் ரெட்வுட்டின் பிள்ளை செழிப்பாக, கிடுகிடுவென வளர்கிறது. புது ரத்தம் சேர்ந்ததால் வந்த தெம்பு!

சந்தோஷப்பட வேண்டிய விஷயமா இது? தாவரவியலாளர்களுக்கு இது தர்மசங்கடம். தீவில் ஒரு செழிப்பான மரம் வேண்டும் என்றால் கலப்பினத்தை நடலாம். ஆனால் அது ரெட்வுட் இல்லை. இரண்டையும் அருகருகே நட்டால், கிடைக்கும் விதைகளில் சுத்தமான ரெட்வுட் எது என்பதே தெரியாமல் போய்விடும். ஆரம்பத்திலேயே பத்து மரம் மிச்சம் இருந்திருந்தால் யாரும் இந்த முடிவை எடுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மகரந்தத்தைச் சுமந்து மலையேறியவர்கள்

நகல் எடுப்பதிலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போன கதை, பசிபிக் பெருங்கடலில் இருக்கும் ஹவாயில் நடந்தது.

4,207 மீட்டர் உயரமான மௌனா கேயா எரிமலையில் 'சில்வர்ஸ்வோர்ட்' என்று ஒரு செடி. ஹவாய் மொழியில் 'அஹினாஹினா'. சூரியகாந்திக் குடும்பம். வெள்ளி வாள்களைக் கொத்தாகச் சொருகிவைத்தது போன்ற இலைகள். பல வருடங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு வருடம் திடீரென்று நடுவிலிருந்து ஆளுயரத்துக்குப் பூந்தண்டை அனுப்பும். நூற்றுக்கணக்கான பூக்கள் பூத்து, விதை வைத்து, செத்துவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும்.

இதற்கும் பங்காளிக் கட்டுப்பாடு உண்டு. அதனால் உறவில்லாத இன்னொரு செடியும் அதே வருடம், அதே வாரம், பூச்சி பறந்து போகும் தூரத்தில் பூத்திருக்க வேண்டும். மலை முழுக்கச் செடிகள் இருந்த காலத்தில் அது சாதாரணம். வெளியிலிருந்து வந்த செம்மறி ஆடுகள் மேய்ந்த பிறகு, பாறை இடுக்குகளில் சில டஜன் செடிகள்தான் எஞ்சின.

1973-ல் இரண்டு செடிகள் பூத்தன. அந்த இரண்டின் விதைகளை எடுத்து நர்சரியில் வளர்த்து மலையில் நட்டார்கள். அவற்றின் பிள்ளைகளையும் நட்டார்கள். இப்படி நட்டவை நானூறைத் தாண்டின. எண்ணிக்கையில் இது வெற்றிதான்.

1990-களில் ராபர்ட் ரோபிஷோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தச் செடிகளின் டி.என்.ஏ-வை எடுத்து, பாறைகளில் இயற்கையாக எஞ்சியிருந்த செடிகளோடு ஒப்பிட்டார்கள். நட்டவற்றில் மரபணுப் பன்மை குறைவாக இருந்தது. நானூறுக்கும் மேற்பட்டவை நின்றாலும் அவை இரண்டு தாய்களின் குடும்பம். அதைவிடக் குறைவாகப் பாறைகளில் தொங்கிக்கொண்டிருந்த சில டஜன் செடிகளிடம் இருந்த வித்தியாசங்கள் இவற்றிடம் இல்லை. அந்தப் பாறைச் செடிகளோ, ஒவ்வொன்றாகப் பூத்துச் செத்துக்கொண்டிருந்தன.

அதனால் வேலையின் முறையை மாற்றினார்கள். பாறையில் எந்தச் செடி பூக்கிறது என்று ஒவ்வொரு பருவமும் கண்காணித்தார்கள். பூத்ததும் ஏறிப்போய் மகரந்தத்தை எடுத்துவந்து, வேறு தாய் வழிச் செடியின் பூவில் கையாலேயே தடவினார்கள். கிடைத்த விதை எந்தத் தாய், எந்தத் தந்தை என்று குறித்துவைத்தார்கள். நடும்போது ஒரே தாயின் கன்றுகள் கூட்டமாகச் சேர்ந்துவிடாமல், எல்லாத் தாய் வழிகளும் கலந்து இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

கல்யாணத் தரகர் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பது போலத்தான். ஒரே வித்தியாசம், இந்தத் தரகர்கள் எரிமலையில் ஏற வேண்டும்.

முதலில் நட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1973-ல் பூத்ததே இரண்டு செடிதான். அன்றைக்கு அந்த விதைகளை எடுக்காமல் விட்டிருந்தால் அந்த இரண்டு வழியும் போயிருக்கும்.

குருத்து ஒன்றே ஒன்று

சில இடங்களில் தரகருக்கும் வேலையில்லை. மொரீஷியஸின் கியூர்பிப் ஊரில் உள்ள தாவரவியல் பூங்காவில் ஒரு பனை மர இனத்தின் கடைசி மரம் நிற்கிறது. 'உலகின் தனிமையான பனை' என்று அழைக்கிறார்கள். சுற்றிக் கூண்டு மாதிரி சட்டம் அமைத்துத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

தென்னையோ பனையோ வளர்த்தவர்களுக்குத் தெரியும், மரத்துக்குக் குருத்து ஒன்றுதான். வெட்டிப் போத்து எடுக்க முடியாது. இந்த மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் உண்டு. ஆனால் ஆண் பூ முதலில் விரிந்து முடிந்துவிடும். பெண் பூ அதன் பிறகே விரியும். விதையின் கருவை ஆய்வகத்தில் எடுத்து வளர்த்துப் பார்த்த முயற்சிகளும் மண்ணில் நிலைக்கவில்லை.

விலங்குக் காட்சிசாலையிடம் கற்ற பாடம்

இந்த அனுபவங்களிலிருந்து பாதுகாப்பு முறைகளும் மாறிவருகின்றன.

ஹவாயில் காட்டில் 50-க்கும் குறைவாக எஞ்சிய இனங்களைக் கவனிக்க 'தாவர அழிவுத் தடுப்புத் திட்டம்' என்றே ஒன்று இருக்கிறது. பட்டியலில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள். ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகத் தேடிப்போய் விதையும் போத்தும் எடுக்கிறார்கள். 'இருப்பதில் ஒன்று கிடைத்தால் போதும்' என்பது பழைய அணுகுமுறை. எத்தனை செடி மிச்சமோ அத்தனையின் வாரிசும் வேண்டும் என்பது இப்போதைய இலக்கு.

விலங்குக் காட்சிசாலைகளில் எந்தப் புலி எந்தப் புலிக்குப் பிறந்தது என்று வம்சாவளிப் பதிவேடு வைத்திருப்பார்கள். உடன்பிறந்தவை ஜோடி சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. தாவரவியல் பூங்காக்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவின் சிகாகோ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் வலியுறுத்துகிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடிகளில் ஒன்று ஹவாயின் 'பிரிகாமியா'. குச்சியில் முட்டைக்கோஸைச் செருகிவைத்தது போல இருக்கும். அதன் மகரந்தத்தைச் சுமந்த அந்துப்பூச்சி காணாமல் போனதால், தாவரவியலாளர்களே கயிற்றில் தொங்கியபடி பிரஷ்ஷால் மகரந்தம் தடவிய செடி இது. இயற்கையில் கிட்டத்தட்ட இல்லாமலேயே போய்விட்டது. ஆனால் உலகெங்கும் பூங்காக்களில் இருக்கிறது. ஐரோப்பாவில் வீட்டு அலங்காரச் செடியாகவும் விற்கிறார்கள்! தொட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கும் செடிகளில் எது எந்தத் தாய் வழி என்று தெரிந்தால்தான், ஒரு பூங்காவின் மகரந்தம் எந்தப் பூங்காவின் பூவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

விதை வங்கியில் போட்டு வைத்தால் போதாதா என்று தோன்றலாம். இங்கிலாந்தில் கியூ நடத்தும் மில்லினியம் விதை வங்கியில் விதைகளைக் காயவைத்து மைனஸ் 20 டிகிரியில் பாதுகாக்கிறார்கள். பல இனங்களுக்கு இது அருமையான காப்பீடு. ஆனால் எல்லா விதையும் காய்வதைத் தாங்காது. நம் மாங்கொட்டை, பலாக்கொட்டையைக் காயவைத்து அடுத்த வருடம் நட்டுப் பாருங்கள், முளைக்காது. அப்படிப்பட்ட இனங்களை உயிருள்ள மரங்களாகத்தான் காப்பாற்ற வேண்டும். தவிர, ஒரே தாயின் ஆயிரம் விதையை வங்கியில் போட்டாலும் வெளியே வருவது ஒரே குடும்பம்தான்.

செய்தி படிக்கும்போது கேட்க 3 கேள்விகள்

அடுத்த முறை 'அழிவிலிருந்து மீண்ட செடி' என்ற செய்தி வந்தால், இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

1. நட்டது எத்தனை என்பதோடு, அவை எத்தனை தாய்ச் செடிகளிலிருந்து வந்தவை?

2. போத்தா, விதையா? போத்து என்றால் நகல். விதை என்றால், தந்தை வேறு செடியா, அதே செடியா?

3. மனிதர் தண்ணீர் ஊற்றாமல் அவை தாமாகவே விதை வைத்து, கன்று முளைத்திருக்கிறதா? ஆட்டையும் எலியையும் அங்கிருந்து அப்புறப்படுத்தினார்களா?

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் இரண்டு ஹார்ட்டின் போடலாம்.

இதில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிறந்தநாள், கல்யாணம், பள்ளி விழா என்று நாட்டு மரக்கன்றுகளை நாமும் நிறைய நடுகிறோம். ரோட்டோரம் கைக்கு எட்டும் ஒரே மரத்தின் காய்களைப் பறித்து மொத்த நர்சரியையும் நிரப்பிவிடுவது சுலபம். ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விதை சேகரிப்பது கொஞ்சம் அலைச்சல். அந்த அலைச்சலைப் படும்போது, ஒரு நோயோ வறட்சியோ வந்தால் சில மரங்களாவது தாக்குப்பிடிக்கும் வாய்ப்பை நாம் நட்டுவைக்கிறோம்.

கன்று வாங்கப் போகும்போது, "விதை எத்தனை மரத்திலிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நர்சரிக்காரர் யோசிக்காமல் பதில் சொன்னால், அடுத்த வருடமும் அவரிடமே வாங்கலாம்.